புரிய வேண்டியவர்களுக்குப் புரியும்

1988 நவம்பர் 24. அமெரிக்காவில் அன்று தேங்க்ஸ்கிவிங் பண்டிகை. மினியாபொலிஸ் நகரத்தில் கே.டி.எம்.ஏ. என்று ஒரு சின்ன உள்ளூர் டிவி, சேனல் 23. அன்றைக்கு யதேச்சையாக அந்தச் சேனலைத் திருப்பியவர்கள் கொஞ்சம் குழம்பித்தான் போயிருப்பார்கள். நூல் கட்டி ஆட்டும் பொம்மைகளை வைத்து எடுத்த ஒரு பழைய நீர்மூழ்கிக் கப்பல் கதை ஓடுகிறது. திரையின் அடியில் தியேட்டர் நாற்காலிகளின் முதுகுகள் கறுப்பு நிழலாகத் தெரிகின்றன. அங்கே ஒரு ஆள். பக்கத்தில் தட்டுமுட்டுச் சாமான்களை ஒட்டிச் செய்த ரோபோ. படம் ஓட ஓட, அதைப் பற்றி இவர்கள் பேசுவதும் நமக்குக் கேட்கிறது.

மிஸ்டரி சயின்ஸ் தியேட்டர் 3000 அப்படித்தான் தொடங்கியது. ரசிகர்கள் சுருக்கி எம்.எஸ்.டி.3கே என்பார்கள். தங்களை ‘மிஸ்டீஸ்’ என்று சொல்லிக்கொள்வார்கள்.

நிலையத்தில் ஒரு ஆன்சரிங் மெஷினை வைத்து, அதன் போன் நம்பரை நிகழ்ச்சியில் சொன்னார்கள். மெசேஜ்கள் வந்து நிரம்பின. படத்தை நிம்மதியாகப் பார்க்க விடாமல் யார் இது நடுவில் என்று திட்டியவர்கள் உண்டு. இன்னொரு தடவை போடுங்கள் என்று கெஞ்சியவர்கள் அதைவிட அதிகம். அந்த மெசேஜ்களை எடுத்து நிகழ்ச்சியிலேயே ஓடவிட்டார்கள். எனக்கு இந்த நிகழ்ச்சியின் வரலாற்றில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். பார்ப்பவர்களின் குரல் முதல் சில வாரங்களிலேயே உள்ளே வந்துவிட்டது. பிறகு அது வெளியே போகவே இல்லை.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் கதை. ஜோயல் ஹாட்ஜ்சன் ஒரு மேடைக் காமெடியன். கையால் செய்த விநோதப் பொருட்களைக் காட்டிச் சிரிக்கவைப்பவர். டேவிட் லெட்டர்மேன் நிகழ்ச்சி வரை போனவர். ஹாலிவுட் பிடிக்காமல் மினியாபொலிஸுக்குத் திரும்பி வந்து, டி-ஷர்ட் அச்சடிக்கும் இடத்தில் வேலை பார்த்தார். கையோடு ரோபோ சிற்பங்களைச் செய்து விற்றார். கே.டி.எம்.ஏ.வில் இருந்த ஜிம் மாலன் ஏதாவது நிகழ்ச்சி செய்யலாமா என்று கேட்டபோது பிறந்த யோசனை இது. இரண்டு கிறுக்கு விஞ்ஞானிகள் ஒரு அப்பாவி ஊழியனை விண்வெளிக்கு அனுப்பிவிடுகிறார்கள். மட்டமான படங்களாகத் தேடித்தேடி அவனுக்குப் போட்டுக் காட்டி, மனித மூளை எந்தப் படத்தில் உடையும் என்று ஆராய்கிறார்கள். அவன் தனிமை தாங்காமல் விண்கலத்தின் உதிரிப் பாகங்களை வைத்து நண்பர்களைச் செய்துகொள்கிறான்.

டாம் சர்வோவின் தலை, காசு போட்டால் மிட்டாய் உருண்டை விழும் கண்ணாடிக் குடுவை. கைகள் இரண்டும் குட்டிப் பொம்மைக் கைகள், வேலை செய்யாது. குரோவின் அலகு, நெட்டுக்குப் பிளந்த பௌலிங் பின். கண்கள் பிங்பாங் பந்து. தியேட்டருக்குள் போகும்போதெல்லாம் சர்வோவை ஜோயல் தூக்கிக்கொண்டு போவார், படம் முடிந்ததும் தூக்கிக்கொண்டு வருவார். குழந்தையைத் தூக்குகிற அதே லாகவம். பத்து வருஷம், யார் அந்த நாற்காலிக்கு வந்தாலும் அது மாறவில்லை. பழைய ரசிகர்களிடம் என்ன ஞாபகம் இருக்கிறது என்று கேட்டால், ஜோக்குகளுக்கு முன்னால் இந்த மாதிரி ஒன்றைத்தான் சொல்வார்கள்.

நாற்காலி நிழல் யோசனை எங்கிருந்து வந்தது என்று ஜோயலே சொல்லியிருக்கிறார். எல்டன் ஜானின் ‘குட்பை யெல்லோ பிரிக் ரோடு’ இசைத்தட்டின் உள்ளட்டையில் ஒரு பாட்டுக்குப் போட்டிருந்த படத்தில், தியேட்டரில் உட்கார்ந்து சினிமா பார்க்கிறவர்களின் நிழலுருவம் இருக்கும். அதைப் பார்த்த பையனுக்கு, படம் முழுக்க அப்படிக் கூடவே ஆட்கள் இருந்தால் எப்படி இருக்கும் என்று தோன்றியிருக்கிறது.

நம் ஊர் ‘லொள்ளு சபா’ மாதிரி படத்தை மறுபடி நடித்துக் காட்டுகிற நிகழ்ச்சி இல்லை இது. படம் அப்படியே ஓடும், கொஞ்சம் வெட்டியிருப்பார்கள், அவ்வளவுதான். அதன் மேல் இவர்கள் விடுகிற கமெண்டுக்குப் பெயர் ‘ரிஃப்’. கே.டி.எம்.ஏ. நாட்களில் பெரும்பாலும் அந்த நேரத்தில் வாய்க்கு வந்ததைப் பேசினார்கள், நடுநடுவே நீண்ட மௌனங்கள் விழும். 1989 நவம்பரில் காமெடி சேனல் என்ற புதிய கேபிள் சேனலுக்குப் போனதும் எல்லாவற்றையும் எழுதி வைத்துப் பேச ஆரம்பித்தார்கள். அந்தச் சேனல் இன்னொன்றோடு சேர்ந்து 1991இல் காமெடி சென்ட்ரல் ஆனது.

அந்த எழுத்து வேலை எப்படி நடந்தது என்று தெரிந்துகொண்ட பிறகுதான் எனக்கு இந்த நிகழ்ச்சி மேல் மரியாதை வந்தது. மினியாபொலிஸை ஒட்டிய ஈடன் பிரெய்ரியில் இருந்த ஆபீசில் எல்லோரும் ஒரே அறையில் உட்கார்ந்து படத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஓட்டி நிறுத்துவார்கள். தோன்றுவதையெல்லாம் சொல்லச் சொல்ல ஒருவர் டைப் அடிப்பார். பிறகு திரும்ப ஓட்டி, எது நிற்கும் எது நிற்காது என்று களைவார்கள். ரிஃப் படத்தின் வசனத்தின் மேல் விழக் கூடாது. இரண்டு வசனத்துக்கு நடுவே ஒன்றரை நொடி இடைவெளி என்றால் அந்த ஒன்றரை நொடிக்குள் சொல்லி முடிக்க வேண்டும். பல படங்களை அவற்றை எடுத்தவர்கள்கூட அத்தனை தடவை பார்த்திருப்பார்களா என்பது சந்தேகம். யாருமே கவனிக்காமல் விட்ட படங்களுக்கு இவ்வளவு கவனம் கிடைத்தது இங்கேதான்.

அந்தக் கவனத்தைக் கற்றுக்கொண்டதற்குப் பின்னால் ஒரு சம்பவம் இருக்கிறது. இரண்டாவது சீசனுக்கு ‘தி சைட்ஹேக்கர்ஸ்’ என்ற 1969ஆம் வருஷத்து மோட்டார் சைக்கிள் படத்தை, முழுசாகப் பார்க்காமலேயே தேர்ந்தெடுத்துவிட்டார்கள். எழுத உட்கார்ந்தபோதுதான் நடுவில் ஒரு கொடூரமான பலாத்காரக் காட்சி இருப்பது தெரிந்தது. உரிமைக்குப் பணம் கட்டியாகிவிட்டது. அதைக் கேலி செய்ய முடியாது, செய்யவும் கூடாது. காட்சியையே வெட்டி எறிந்துவிட்டு, அந்தப் பெண் இறந்துவிட்டாள் என்று குரோ சொல்வதாக வைத்துக் கடந்தார்கள். அதற்குப் பிறகு எந்தப் படத்தையும் முழுசாகப் பார்க்காமல் எடுப்பதில்லை என்பது விதியானது. எதைப் பார்த்துச் சிரிக்கலாம், எதைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது என்ற அந்தக் கோடு இவர்களுக்குத் தெரிந்திருந்தது. கேலி நிகழ்ச்சிகளில் இது அபூர்வம்.

ஜோயல் சொன்னதாக ஒரு விஷயத்தை ரசிகர்கள் அடிக்கடி எடுத்துச் சொல்வார்கள். இந்த ஜோக் யாருக்குப் புரியும் என்று நாங்கள் கேட்டுக்கொண்டதில்லை, புரிய வேண்டியவர்களுக்குப் புரியும் என்று விட்டுவிடுவோம் என்பதுதான் அதன் சாரம். டிவி உலகத்தில் இது நடக்காத காரியம். அங்கே எல்லோருக்கும் புரிகிற மாதிரி நீர்க்கவைத்துவிட்டுத்தான் மறுவேலை. இவர்களோ ஒரு அறுபதுகளின் அசுரப் படத்துக்கு நடுவே ஃபிராங்க் ஸப்பாவைப் பற்றி ஒன்று, விஸ்கான்சின் பாலாடைக்கட்டி பற்றி ஒன்று, மினசோட்டா குளிர் பற்றி ஒன்று, ஷேக்ஸ்பியர் பற்றி ஒன்று என்று விட்டுக்கொண்டே போனார்கள். ஒன்று உனக்குப் புரியாவிட்டால் பரவாயில்லை, எட்டு நொடியில் அடுத்தது வரும். ஆனால் உனக்கு மட்டும் புரிகிற ஒன்று வரும்போது, உன் ஊர்க்காரன் ஒருவன் பக்கத்து நாற்காலியில் இருக்கிறான் என்று தோன்றும்.

நான் இதை யூடியூபில்தான் கண்டுபிடித்தேன், நிகழ்ச்சி முடிந்து பல வருஷம் கழித்து. ராத்திரியில், ஹெட்போன் மாட்டிக்கொண்டு. அமெரிக்க விளம்பர ஜிங்கிள்களும் எழுபதுகளின் டிவி தொடர்களும் எனக்கு என்ன தெரியும்? ஜோக்குகளில் பெரிய பங்கு தலைக்கு மேலே பறந்தது. ஆனாலும் விடவில்லை. மூவரும் பேசுகிற தொனி என்னைப் பிடித்து வைத்தது. ஒருத்தர் தொடங்கியதை இன்னொருத்தர் முடிப்பது, மோசமான ஜோக் சொன்ன ரோபோவை ஜோயல் தூக்கக் கலக்கக் குரலில் கண்டிப்பது. மொழி அரைகுறையாகப் புரிகிற வீட்டில் விருந்தாளியாக உட்கார்ந்து அவர்கள் குடும்பப் பேச்சைக் கேட்டுச் சிரிக்கிற சுகம் அது.

அப்புறம் ஒரு நாள் எனக்கே எனக்கென்று ஒன்று கிடைத்தது. இரண்டாவது சீசனில் ‘லாஸ்ட் கான்டினென்ட்’ என்ற 1951ஆம் வருஷப் படம். தொலைந்த ராக்கெட்டைத் தேடிப் போகிறவர்கள் ஒரு மலையில் ஏறுகிறார்கள். ஏறுகிறார்கள், ஏறுகிறார்கள், படத்தில் பாதி நேரம் பாறையில் ஏறுவதுதான். ‘பாறை ஏறுதல்’ என்று சொன்னாலே மிஸ்டீஸ் இன்றும் பெருமூச்சு விடுவார்கள். கதாநாயகன் சீசர் ரொமேரோ. படத்தை வெளியிட்டவர் ராபர்ட் லிப்பர்ட், மலிவு விலைப் படங்களுக்குப் பெயர் போனவர். எனக்கு உடனே சேலம் ஞாபகம் வந்தது. இதே லிப்பர்ட், இதே சீசர் ரொமேரோ, அடுத்த வருஷமே மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர். சுந்தரத்தோடு சேர்ந்து எடுத்ததுதான் ‘தி ஜங்கிள்’. தமிழில் ‘காடு’. நம்பியார்கூட அதில் இருக்கிறார். யானைகளுக்கு ரோமம் ஒட்டி, ஆதிகால மாமத்துகள் என்று நடிக்கவைத்த படம். அது இந்த நிகழ்ச்சியில் வரவே இல்லை, வந்திருக்க வேண்டிய படம். ‘ஜங்கிள் காடஸ்’, ‘ரேடார் சீக்ரெட் சர்வீஸ்’, ‘கிங் டைனோசர்’ என்று லிப்பர்ட் வெளியிட்ட படங்கள் வரிசையாக அந்த விண்கலத்துக்குப் போயின. சேலம் ஏற்காடு அடிவாரத்து ஸ்டுடியோ மட்டும் ஒரு நூலிழையில் தப்பித்துவிட்டது. அன்றைக்கு ராத்திரி ஜோயலுக்கும் சர்வோவுக்கும் குரோவுக்கும் தெரியாத ஒரு ரிஃப் என்னிடம் இருந்தது. நானும் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாயிற்று என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

இப்போது டேப்புகளுக்கு வருகிறேன். அதைச் சொல்லாமல் இந்த நிகழ்ச்சியைப் பற்றி எழுதவே கூடாது.

ஆரம்ப நாட்களில் அந்தக் கேபிள் சேனல் அமெரிக்காவில் எல்லா ஊரிலும் வரவில்லை. வந்த ஊர்களிலும் பல தடவை நள்ளிரவில் போட்டார்கள். வி.சி.ஆரில் டைமர் வைத்துவிட்டுத் தூங்கியவர்கள், டேப் தீர்ந்துபோய்க் கடைசிப் பத்து நிமிஷத்தைக் கோட்டைவிட்டவர்கள், விளம்பரம் வரும்போது நிறுத்தி நிறுத்திப் பதிவு செய்தவர்கள் என்று ஒரு தலைமுறையே இருக்கிறது. கேபிள் வராத ஊரில் இருந்த நண்பனுக்கு அதை நகல் எடுத்துத் தபாலில் அனுப்பினார்கள். அவன் இன்னொருத்தனுக்கு. சட்டப்படி தயாரிப்பாளர்கள் இதைப் பார்த்துக் கோபப்பட்டிருக்க வேண்டும். அவர்களோ நிகழ்ச்சியின் முடிவில் ஓடும் பெயர்களுக்கு நடுவே, டேப்புகளைச் சுற்றில் விட்டுக்கொண்டே இருங்கள் என்று ஒரு வரியைப் போட்டார்கள். பார்வையாளனைத் திருடனாகப் பார்க்காமல் கூட்டாளியாகப் பார்த்த நிகழ்ச்சி வேறு எது என்று யோசித்துப் பார்க்கிறேன், எனக்குத் தோன்றவில்லை.

அந்த டேப்புகள் வெறும் ஆசைக்குச் சேர்த்தவையாக நிற்கவில்லை, ஒரு கட்டத்தில் நிகழ்ச்சியின் ஆவணக் காப்பகமே அவைதான். காரணம் உரிமைகள். ஒவ்வொரு படத்துக்கும் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் உரிமை வாங்கியிருந்தார்கள். காலம் முடிந்ததும் அந்த எபிசோடை மறுபடி ஒளிபரப்ப முடியாது, டிவிடியாகப் போட வேண்டுமானால் திரும்பவும் பேரம் பேச வேண்டும். 2006இல் பத்தாவது டிவிடி தொகுப்பில் ‘காட்ஸில்லா வெர்சஸ் மெகலான்’ எபிசோடைச் சேர்த்து வெளியிட்டார்கள். உரிமைப் பிரச்சினை எழுந்து கடைகளிலிருந்து திரும்ப எடுத்தார்கள். அதற்குப் பதில் வேறு படம் வைத்த தொகுப்பு பிறகு வந்தது. முதல் தொகுப்பை அதற்குள் வாங்கியிருந்தவர்கள் இன்றும் அதைப் பீரோவில் பூட்டி வைத்திருக்கிறார்கள். கே.டி.எம்.ஏ. காலத்து எபிசோடுகளில் பலவற்றை நாம் இன்று பார்க்க முடிகிறது என்றால், யாரோ ஒரு மினசோட்டாக்காரர் அன்றைக்கு ரெக்கார்ட் பட்டனை அழுத்தினார் என்பதுதான் காரணம். அந்த முதல் தேங்க்ஸ்கிவிங் எபிசோடே ரசிகர்கள் கையில் இல்லாமல் இருந்தது. 2016இல்தான் அது வெளியே வந்தது.

தேங்க்ஸ்கிவிங் என்றால் இவர்களுக்கு இன்னொரு அர்த்தமும் உண்டு. 1991 முதல் காமெடி சென்ட்ரல் அன்றைக்கு மணிக்கணக்காகத் தொடர்ந்து எபிசோடுகளைப் போட்டது. ‘டர்க்கி டே’ மாரத்தான். மட்டமான படத்தையும் அமெரிக்காவில் டர்க்கி என்பார்கள், வான்கோழியும் டர்க்கி. ரசிகர்கள் சொல்கிற ஞாபகங்களில் திரும்பத் திரும்ப வருவது இந்த நாள். விருந்து முடிந்து பெரியவர்கள் சோபாவில் அசந்து தூங்க, பிள்ளைகள் தரையில் படுத்து ராட்சச ஆமை கமேராவைப் பார்த்துக்கொண்டிருப்பது. எப்போதும் பேசாத அப்பா ஒரு ரிஃபுக்குச் சத்தம் போட்டுச் சிரிப்பது. அம்மாவுக்கு என்ன விசேஷம் என்றே புரியாமல் வந்து உட்கார்ந்து, அடுத்த வருஷம் அவரே டிவியைப் போடுவது. வேறு ஊரில் புது வேலை, தெரிந்த முகம் ஒன்றும் இல்லை, அந்த மூன்று நிழல்கள்தான் துணை என்று சொல்கிறவர்களும் நிறைய. நோயாளியின் படுக்கைக்குப் பக்கத்தில் ராத்திரி முழுக்க உட்கார்ந்து பார்த்ததைச் சொல்கிறவர்கள் உண்டு. படம் எவ்வளவு மோசமோ அவ்வளவுக்குத் தெம்பாக இருக்கும். எவ்வளவு மோசமானதையும் மூன்று பேர் சேர்ந்து உட்கார்ந்தால் கடந்துவிடலாம் என்று அது செய்துகாட்டிக்கொண்டே இருக்கும் அல்லவா.

நிகழ்ச்சியின் கடைசியில் ரசிகர் கடிதங்களைப் படிப்பார்கள். அவற்றில் பல சின்னக் குழந்தைகள் எழுதியவை, கிரேயான் படத்தோடு. ஜோயல் அந்தப் படத்தை கேமரா முன்னால் நிதானமாகப் பிடிப்பார். எழுத்துப் பிழையோடு அப்படியே வாசிப்பார். ரோபோக்களும் மரியாதையாகக் கேட்கும். அந்தக் குழந்தைகளுக்கு இன்று நாற்பதுக்கு மேல் வயது இருக்கும்.

1993இல் ஜோயல் விலகினார். ஐந்தாவது சீசன் நடுவில், ‘மிட்செல்’ என்ற எபிசோடில். விஞ்ஞானிகள் தற்காலிக ஊழியனான மைக்கைக் கொல்லப் பேசுவதை ஒட்டுக்கேட்ட ஜிப்ஸி என்ற ரோபோ, ஜோயலைத்தான் சொல்கிறார்கள் என்று பயந்து, அவரைத் தப்பிக்கவைத்துவிடும். தப்பிக்கும் கலம், ‘ஹாம்டிங்கர்ஸ்’ என்று எழுதிய பெட்டிக்குள் இத்தனை நாளும் அங்கேயே இருந்திருக்கும். அன்றைக்கு அழுதோம் என்று சொல்கிற பெரிய மனிதர்கள் எத்தனையோ பேர். அந்த இடத்துக்கு வந்தவர் மைக் நெல்சன், அதுவரை தலைமை எழுத்தாளர். இன்டர்நெட் அப்போதுதான் வளர்ந்துகொண்டிருந்தது. யூஸ்நெட் குழுக்களில் ஜோயலா மைக்கா என்று சண்டை தொடங்கியது. ஜோயல் அந்த ரோபோக்களுக்கு அப்பா மாதிரி, மைக் அவற்றோடு சேர்ந்து உதை வாங்கும் அண்ணன் மாதிரி என்பார்கள். என் கட்சியையும் சொல்லிவிடுகிறேன்: மனசு ஜோயல் பக்கம்தான். ஆனால் ரிஃப்களின் கூர்மை என்று எடுத்தால் மைக் காலத்து எபிசோடுகள் ஒரு படி மேலே. ‘ஸ்பேஸ் ம்யூட்டினி’யைப் பார்த்தவர்கள் இதை மறுக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். விண்கலத்தின் எஞ்சின் அறையில் செங்கல் சுவர், ஜன்னல் வழியே வெயில் அடிக்கும். சுட்டுக் கொல்லப்பட்ட பெண் அடுத்த காட்சியில் தன் மேஜையில் உட்கார்ந்து வேலை பார்ப்பார். விண்வெளிக் காட்சிகள் ‘பேட்டில்ஸ்டார் கலாக்டிகா’ தொடரிலிருந்து எடுத்து ஒட்டியவை. அந்தக் கட்டுமஸ்தான கதாநாயகனுக்கு இவர்கள் படம் முழுக்க வைக்கிற புதுப்புதுப் பெயர்களை மனப்பாடமாகச் சொல்லாத ரசிகரே கிடையாது.

எல்லா ரிஃபையும் நான் ஏற்றுக்கொள்வதில்லை. ‘மிட்செல்’ படத்து ஜோ டான் பேக்கரின் உடம்பை வைத்துச் செய்த கேலி வரம்பு மீறியது. பெண்களின் தோற்றத்தைப் பற்றிய சில கமெண்டுகள் அன்றைக்கே சரியில்லை, இன்றைக்குக் கேட்க இன்னும் கூசுகிறது. நடிப்பையும் எடிட்டிங்கையும் கேலி செய்யும்போது சிரிப்பு நிற்கிறது. உடம்பைக் கேலி செய்யும்போது அந்த அறையில் யாரோ ஒருவர் தனியாகிவிடுகிறார்.

கேலியைப் பற்றிப் பேசினால் ‘மேனோஸ்: தி ஹேண்ட்ஸ் ஆஃப் ஃபேட்’ படம் வந்தே தீரும். ஹரோல்ட் வாரன், டெக்சாஸ் மாநிலம் எல் பாசோவில் உர வியாபாரி. திரைக்கதை எழுத்தாளர் ஸ்டிர்லிங் சிலிஃபன்டிடம், திகில் படம் எடுப்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை, நானே எடுக்கிறேன் என்று பந்தயம் கட்டினார். சுமார் 19,000 டாலரில் எடுத்தும் விட்டார். வாடகைக்கு எடுத்த கேமராவில் ஒரு தடவைக்கு 32 நொடிக்கு மேல் பிடிக்க முடியாது. ஒலி கிடையாது, பிறகு ஒரு சிலரே எல்லாப் பாத்திரத்துக்கும் குரல் கொடுத்தார்கள். 1966 நவம்பரில் உள்ளூர் தியேட்டரில் முதல் காட்சி, ஊர்ப் பிரமுகர்கள் எல்லாம் வந்து உட்கார்ந்து சிரித்துவிட்டார்கள். குட்டிப் பெண்ணாக நடித்த ஜாக்கி நேமன், தன் வாயிலிருந்து வேறு யாரோ ஒரு பெரிய பெண்ணின் குரல் வருவதைக் கேட்டு அழுதாராம். வில்லனாக நடித்தவர் அவருடைய அப்பா. படத்தில் வரும் நாயும் அவர்கள் வீட்டு நாய். டோர்கோ என்ற விநோத வேலைக்காரனாக நடித்த ஜான் ரெய்னால்ட்ஸ் படம் வெளியாகும் முன்பே இறந்துபோயிருந்தார்.

பிறகு கால் நூற்றாண்டுக்கு அந்தப் படம் ஒன்று இருந்ததே யாருக்கும் தெரியாது. விநியோகஸ்தர்கள் அனுப்பிய பெட்டியிலிருந்து அதை எடுத்தவர் ஃபிராங்க் கானிஃப், கேசட்டுகளைப் பார்த்துத் தள்ளுவது அவர் வேலை. 1993 ஜனவரி 30 அன்று ஒளிபரப்பானது. அந்த எபிசோடில் கிறுக்கு விஞ்ஞானிகளே, இவ்வளவு மோசமான படத்தைப் போட்டதற்காக மன்னிப்புக் கேட்பார்கள்! ஆனால் அடுத்து நடந்தவற்றைப் பாருங்கள். டோர்கோ ரசிகர்களின் செல்லப் பாத்திரமானான். படத்தை மேடை நாடகமாகப் போட்டார்கள். 2011இல் பென் சோலோவி என்ற இளைஞருக்கு அதன் பழைய 16 மி.மீ. பிரதி கிடைக்க, பொதுமக்களிடம் பணம் திரட்டி ஒவ்வொரு சட்டகமாகச் சுத்தம் செய்தார். உலகத் தரமான எத்தனையோ படங்களின் மூலப்பிரதி மண்ணாகப் போயிருக்க, எல் பாசோ உர வியாபாரியின் படம் இன்று பளிச்சென்று இருக்கிறது. அன்றைக்கு அழுத ஜாக்கி பின்னாளில் அந்தப் படத்தைப் பற்றிப் புத்தகமே எழுதினார், ரசிகர்களைத் தேடிப் போய்ச் சந்தித்தார். கேலி இதைச் செய்யாது. கேலி என்றால் சிரித்துவிட்டு நகர்ந்திருக்கும். கூடவே உட்கார்ந்து கடைசி வரை பார்த்தவர்கள்தான் இதைச் செய்தார்கள்.

மீதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1993க்கான பீபடி விருது கிடைத்தது. மினியாபொலிஸில் 1994லும் 1996லும் ரசிகர் மாநாடுகள். காமெடி சென்ட்ரல் கைவிட்டபோது ரசிகர்கள் கடிதமாக எழுதித் தள்ளினார்கள், சை-ஃபை சேனல் எடுத்துக்கொண்டது. 1999இல் அதுவும் நிறுத்தப்போவதாகச் சொன்னபோது காசு சேர்த்து ‘டெய்லி வெரைட்டி’ பத்திரிகையில் விளம்பரமே கொடுத்தார்கள். இந்தத் தடவை பலிக்கவில்லை. ஆகஸ்ட் மாதம் ‘டயபோலிக்’ எபிசோடோடு கதை முடிந்தது. மைக்கும் ரோபோக்களும் பூமிக்கு வந்து ஒரு சின்ன அபார்ட்மென்டில் குடியிருப்பார்கள். டிவியைப் போட்டால் ‘தி கிராலிங் ஐ’ ஓடும். தேசிய கேபிளில் முதன்முதலாக இவர்கள் போட்ட படம்.

பதினாறு வருஷம் கழித்து, 2015 நவம்பரில், ஜோயல் கிக்ஸ்டார்ட்டரில் 20 லட்சம் டாலர் கேட்டார். 48,270 பேர் சேர்ந்து 57 லட்சத்துக்கும் மேல் கொடுத்தார்கள். சினிமா, வீடியோ பிரிவில் அதுவரை யாரும் அவ்வளவு திரட்டியதில்லை. 2017 ஏப்ரலில் ஜோனா ரே நாற்காலிக்கு வர, நெட்ஃபிளிக்ஸில் புது சீசன் வந்தது. கிரேயான் படம் அனுப்பிய பிள்ளைகள் சம்பாதிக்கிற வயதுக்கு வந்திருந்தார்கள் என்பதுதான் இதற்கு எனக்குத் தெரிந்த விளக்கம். 2021இல் மறுபடி கேட்டபோது 65 லட்சம் டாலர். 2023இல் எதிர்பார்த்த தொகை சேரவில்லை. அதைப் பற்றி எனக்குப் பெரிய வருத்தமில்லை. கையில் இருக்கிற எபிசோடுகளே இரண்டு ஆயுளுக்குக் காணும்.

பார்க்க ஆரம்பிக்க நினைப்பவர்களுக்கு என் சிபாரிசு. நிகழ்ச்சியின் அதிகாரபூர்வ யூடியூப் பக்கத்தில் நிறைய எபிசோடுகள் இருக்கின்றன. முதலில் ‘கேவ் டுவெல்லர்ஸ்’ போடுங்கள். ஆதிகால வீரன் நடுப்படத்தில் திடீரென்று ஹேங் கிளைடரில் பறந்து வருவான், மொழியே தேவைப்படாத சிரிப்பு அது. அடுத்து ‘ஸ்பேஸ் ம்யூட்டினி’. ‘மேனோஸ்’ ரொம்பப் பிரபலம் என்று முதலிலேயே அதில் கைவைக்காதீர்கள், படம் இழுக்கிற இழுப்பில் ஓடிவிடுவீர்கள். நாலைந்து எபிசோடு ஆன பிறகு, யாரையாவது கூட உட்காரவைத்துக்கொண்டு பாருங்கள். லாஸ்ட் கான்டினென்டைப் பார்க்கிறவர்கள் மட்டும், சீசர் ரொமேரோ பாறையில் ஏறும்போது சேலத்தைப் பற்றி ஒரு நல்ல ரிஃப் தோன்றினால் பின்னூட்டத்தில் எழுதுங்கள்.